தண்ணீர் எங்கே போகிறது

ஜூலை 8, செவ்வாய்

விடியும் முன்பே தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. வாரம் ஒருமுறை என்று பெயர். அது என்றைக்கு வருகிறதோ அன்றைக்குத்தான் எங்களுக்கு வாரம். குடம், அண்டா, பக்கெட், கடைசியில் இட்லிக் குண்டான் வரை பிடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தால் பேருந்து போய்விட்டது. பள்ளிக்குள் நுழையும்போது காலை வழிபாடு முடிந்திருந்தது.

தாளாளர் வந்திருந்தார். நாச்சிமுத்து ஐயா பள்ளிக்கு வருகிறார் என்றால் யார் தலையிலோ ஏதோ விழப்போகிறது என்று அர்த்தம். இன்று என் தலை. கோயம்புத்தூரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறதாம். 'வளம்குன்றா உலகுக்குக் கல்வி' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்களாம். எங்கள் வட்டாரத்தில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து மாதிரிப் பள்ளி என்று அறிவிப்பார்கள். மற்ற பள்ளி ஆசிரியர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போவார்கள். அந்தப் பெயர் நமக்குத்தான் வர வேண்டும் என்றார். பசுமை மன்றம், மூலிகைத் தோட்டம், மழைநீர் சேகரிப்பு, எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான்.

"உங்களை உட்டா யாருங்க டீச்சர் இருக்கறாங்க? நீங்கதானே சயின்ஸு," என்றார். எழுந்து போகும்போது ஏதோ ஞாபகம் வந்தவர்போல, "உங்க அப்ரூவல் ஃபைலு நம்ம பீரோவுலதானுங்க பத்திரமா இருக்குது. இது நல்லபடியா முடியட்டும். கையெழுத்துப் போட்டு மேல அனுப்பீர்லாம்," என்றார்.

ஒன்பது வருடமாக அது பத்திரமாகத்தான் இருக்கிறது. எங்களுடையது அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. நிர்வாகம் வேலைக்கு வைக்கலாம்; கல்வித் துறை ஒப்புதல் கொடுத்தால்தான் நான் கணக்கில் உள்ள ஆசிரியர். அதுவரை எனக்கென்று தனி வருகைப் பதிவேடு. அதிகாரிகள் வரும் நாளில் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். விட்டுப் போனால் இந்த ஒன்பது வருடமும் எங்கும் இருக்காது. விடாமல் இருந்தாலும் இல்லை. வேறு இடம் தேடும் வயதும் தாண்டிவிட்டது.

சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது.

ஜூலை 17, வியாழன்

பள்ளி முகப்பில் மொட்டை மாடியிலிருந்து தரை வரை நீலக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படாமல் தப்ப முடியாது. கீழே சின்னதாக ஒரு தொட்டி. மேலே போட வெள்ளைக் கூழாங்கல் ஒரு மூட்டை வந்து இறங்கியிருக்கிறது. சுவரில் 'மழைநீர் சேகரிப்பு' என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் மழைத்துளி ஒன்று வரைந்தாகிவிட்டது. அதற்குக் கையும் காலும் உண்டு.

இடைவேளையில் போய்ப் பார்த்தேன். தொட்டியின் அடியில் கொத்தனார் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். இங்கிருந்து தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன்.

"கீழ போகுங்க டீச்சர்."

"கீழதான் பூசிட்டீங்களே?"

"அய்யா தோண்ட வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாருங்க. கொடிமேடை ஆட்டங்கண்டு போயிருமாமா."

கொடிமேடை தாளாளரின் அப்பா நினைவாகக் கட்டியது. பெயர் பொறித்த கல் இருக்கிறது. தலைமையாசிரியர் அருணகிரி சாரிடம் சொன்னேன். அவர் அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதுவரை பள்ளியில் இலைகூட சத்தத்தோடு விழக்கூடாது என்பது அவர் கொள்கை. "பாக்கறதுக்கு நல்லாத்தானே இருக்குதுங்க டீச்சர்," என்றார்.

பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. வரும் வழியில் சின்ன வெங்காயம் வாங்கினேன். பாதி அழுகல்.

ஜூலை 22, செவ்வாய்

எட்டாம் வகுப்புக்கு இன்று மழைநீர்ப் பாடம். என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் நன்றாக நடத்தினேன். பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப் போய் அளவு நாடாவால் அளக்கச் சொன்னேன். ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் இந்த மாடியில் எத்தனை குடம் தண்ணீர் விழும் என்று கணக்குப் போட வைத்தேன். விடை வந்ததும் வகுப்பே வாயைப் பிளந்தது. கவின் மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு, கணக்கு தப்பாக இருக்கும் டீச்சர் என்றான். கணக்கு சரிதான்.

ரூபஸ்ரீ எழுந்தாள். "அப்ப எங்கம்மா களத்துல இருந்து தூக்கிட்டு வர வேண்டியதில்லீங்களா டீச்சர்?"

அவள் அம்மா தங்கமணி சத்துணவுக் கூடத்தில் உதவியாளர். பள்ளி போர்வெல் வற்றியதிலிருந்து சோறாக்கத் தண்ணீர் தாளாளரின் கொப்பரைக் களத்துக் கிணற்றிலிருந்துதான் வருகிறது. தங்கமணியின் இடுப்பில் வருகிறது.

மழை பெய்து, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, போர் ஊறினால் தூக்க வேண்டியதில்லை என்றேன். பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது.

மாலையில் ரூபஸ்ரீ பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, ஸ்கேலை ஒட்டி, மழைமானி செய்து மாடியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஒத்திகை தொடங்கியாகிவிட்டது. அறக்கட்டளையிலிருந்து செப்டம்பர் 10 வருகிறார்கள். முப்பது கேள்வி, முப்பது பதில். வளம்குன்றா வளர்ச்சி என்றால் என்ன, எதிர்காலத் தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்ல வேண்டியது என்ன, இப்படி.

கை விதியையும் சொல்லிக் கொடுத்தேன். இது எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த வித்தை, யாரும் வெளியே சொல்வதில்லை. பார்வையாளர் கேள்வி கேட்டால் மொத்த வகுப்பும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. வந்தவர்கள் கண்ணுக்கு எல்லாமே கைதான். நாம் வலது கையாகப் பார்த்து எழுப்பிவிட்டால் பள்ளியின் மானம் தப்பியது. போன வருடம் வந்த அதிகாரி 'மாணவர் பங்கேற்பு மிகச் சிறப்பு' என்று எழுதிவிட்டுப் போனதில் எனக்குப் பெரும் பங்கு உண்டு. அன்று என் வருகைப் பதிவேடு அலமாரியில் இருந்தது.

பிள்ளைகளுக்கு இது ஒரே விளையாட்டு. சாதாரண வகுப்பிலும் இப்போது வலது இடது என்றுதான் தூக்குகிறார்கள். ஒரு வகையில் எனக்கும் வசதி.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பிறகு கலைந்துவிட்டது. நல்லது.

ஆகஸ்ட் 14, வியாழன்

போன முறை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'நல்லது' என்று நான்தான் எழுதியிருக்கிறேன்.

காங்கேயத்துக்குத் தெற்கே மழை வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் கொப்பரைக் களக்காரர்கள் மட்டும்தான். காயப்போட்ட தேங்காய் நனைந்தால் போச்சு. இப்போது அந்தக் கூட்டத்தில் ஓர் அறிவியல் ஆசிரியையையும் சேர்த்துக்கொள்ளலாம். செப்டம்பர் 10 வரை பெய்யக்கூடாது. பெய்தால் அந்தத் தொட்டி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதற்கு அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பெய்யட்டும்.

பேருந்தில் பக்கத்துச் சீட்டு அம்மாள் மாரியம்மனுக்கு மழைக்காக வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ஆமாங்க என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பெய்துவிட்டது.

மதியம் மூன்று மணிக்குக் காற்று, பிறகு மழை. மொத்தப் பள்ளியும் தாழ்வாரத்துக்கு ஓடி வந்து கத்தியது. நானும் ஓடினேன், வேறு காரணத்துக்காக. நீலக் குழாய் கடகடவென்று தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டியது. குழாயைக் குறை சொல்ல முடியாது. தொட்டி கண் இமைப்பதற்குள் நிறைந்து, கூழாங்கல்லை எல்லாம் தூக்கி வெளியே எறிந்து, நேராக ஆறாம் வகுப்புக்குள் போய்விட்டது. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். சிரிக்கும் மழைத்துளியின் கால் வரை சேறு.

மழை விட்டதும் ரூபஸ்ரீ ஒரு குச்சியோடு தொட்டியருகே குந்தியிருந்தாள். குத்திக் குத்திப் பார்த்தாள். சிமெண்டில் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு வகுப்பில் எழுந்து கேட்டாள்.

"தண்ணி மண்ணுக்குள்ள எறங்கோணும்னா கீழ மண்ணு இருக்கோணுமில்லீங்களா டீச்சர்?"

"அது அடுத்த பாடத்துல வரும். உக்காரு."

உட்கார்ந்துவிட்டாள். நல்ல பிள்ளை.

வீட்டில் துணி எல்லாம் நனைந்து கிடந்தது. எடுத்து உள்ளே கட்டினேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மாடியில் குழாயின் வாயை மூடியால் அடைத்தாகிவிட்டது. இனி மழை பெய்தால் தண்ணீர் பழையபடி பின்பக்கம் சாக்கடைக்குப் போகும். குழாய் முகப்பில் அப்படியே இருக்கும். வருகிறவர்கள் மாடிக்கா ஏறப்போகிறார்கள் என்கிறார் அருணகிரி சார். அவருக்கு நேற்று ராத்திரி தூக்கமே இல்லையாம்.

ரூபஸ்ரீ மழைமானியில் பார்த்த அளவை வைத்து, நேற்று மாடியில் விழுந்தது எத்தனை குடம் என்று போட்டுக்கொண்டு வந்து காட்டினாள். சரியாகப் போட்டிருந்தாள். சரி என்று குறி போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

இவர் வந்திருக்கிறார். திருப்பூரில் கட்டிங் மாஸ்டர் வேலை; சனிக்கிழமை மாலை வந்தால் திங்கள் காலை போய்விடுவார். சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கொத்தமல்லித் துவையல் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சொன்னார்:

"ஒரு நாள் கூத்துத்தானே சௌந்தரி. சிரிச்ச மூஞ்சியோட நின்னுட்டு வந்துரு. அப்ரூவல் வந்துருச்சுன்னா அப்புறம் உன்னை ஆரு கேக்கப்போறா? அந்தத் தொட்டியை நீயே கூட ஒடைச்சுக்கலாம்."

அவர் சொல்வதில் தப்பில்லை. முதலில் உள்ளே போக வேண்டும். அப்புறம்தான் எதையும் செய்ய முடியும். இதையே நினைத்துக்கொண்டு தோசைக்கு ஊறப்போட்டேன். உளுந்து கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

அறக்கட்டளையிலிருந்து அபர்ணா மேடம் தொலைபேசியில் பேசினார். குரலே அன்பாக இருக்கிறது. நேரில் வரும்போது மழைநீர் சேகரிப்பைச் செயல்முறையில் காட்ட முடியுமா என்று கேட்டார். அருணகிரி சார் 'கண்டிப்பாக' என்று சொல்லி வைத்துவிட்டுத்தான் வியர்த்தார்.

மழைக்கு எங்கே போவது? தாளாளரே வழி சொல்லிவிட்டார். மாடியில் இரண்டு பெரிய டிரம் வைத்து நிரப்பி, மூடியைக் கழற்றிவிட்டு, மேடம் கீழே நிற்கும்போது மேலே இருந்து ஊற்றினால் குழாயில் வரும். தொட்டி நிறையும் முன்பே நிறுத்திவிட வேண்டும். டிரம்மை நிரப்புவது யார் என்று நான் கேட்கவில்லை. அங்கே குடம் தூக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பேனாக்கள், ஒரு சுவர்க் கடிகாரம். ரூபஸ்ரீ ஒரு செம்பருத்திப் பூ கொடுத்தாள். வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தங்கமணி காலையிலிருந்து களத்துக்கும் மாடிக்குமாக நடந்தாள். படி செங்குத்தானது. ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண்களும் கூடமாட ஏறி இறங்கினார்கள். ஒருமுறை என் எதிரே நின்று மூச்சு வாங்கியவள், கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்:

"மழை மேல இருந்து கீழ வரோணும். நாம எதுக்குங்க டீச்சர் கீழ இருக்கற தண்ணிய மேல கொண்டு போறோம்?"

"நாளைக்கு ஒரு நாள்தான் தங்கமணி."

"அதுக்கில்லீங்க. கெணத்துல தண்ணி கொஞ்சமாத்தான் இருக்குது. சோத்துக்கு எடுத்துட்டு இதுக்கு எடுத்திருக்கலாமுங்க."

மதியம் சோறு தாமதம். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். முகப்பில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டியாகிவிட்டது: 'வளம்குன்றா உலகை வகுப்பறையில் வளர்ப்போம்.' வாசகம் என்னுடையது. நன்றாக வந்திருக்கிறது.

நாளைக்கு மாம்பழக் கலர் பட்டுப்புடவை. இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

அபர்ணா மேடம் எளிமையான பருத்திப் புடவையில் வந்தார். என் பட்டு கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. துளசி, தூதுவளை எல்லாம் பார்த்தார். பிறகு குழாய். மேலே பியூன் டிரம்மைச் சாய்த்தார். தண்ணீர் சத்தம் கேட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் கூழாங்கல் மேல் விழுந்த தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். அவர் கண் கலங்கியதுபோல இருந்தது. நல்ல மனுஷி.

எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் பேசினார். முப்பது கேள்வியில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"நாம இப்ப பார்த்தோமே, அந்தத் தண்ணி அங்கிருந்து எங்க போகுது? யாருக்குத் தெரியும்?"

மொத்த வகுப்பும் கை தூக்கியது. மேடம் பூரித்துப்போய், "எல்லாருக்கும் தெரியுதே! டீச்சர், நீங்களே ஒருத்தரைக் கூப்பிடுங்க," என்றார்.

நான் கவினைக் கூப்பிட்டேன். நிலத்துக்குள் இறங்கி நிலத்தடி நீரை உயர்த்துகிறது மேடம் என்று சொன்னான். நல்ல குரல் அவனுக்கு. கைத்தட்டல்.

தாளாளர் போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். புடவையை அலசிப் போட்டேன். கரையில் சேறு.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று ஒன்றும் விசேஷம் இல்லை. ஆறாம் வகுப்புக்கு இரண்டு பீரியட். தலைவலி.

செப்டம்பர் 12, வெள்ளி

சாப்பிடும்போது அருணகிரி சார் மெதுவாகக் கேட்டார். "டீச்சர், அன்னிக்கு அந்தக் கவின் எந்தக் கையைத் தூக்கியிருந்தான்?"

கவனிக்கவில்லை என்றேன். அவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

கவின் தூக்கியிருந்தது இடது கை. எல்லோரும் இடது கைதான். அவர்களுக்குத் தெரியாது, தெரியாது என்றுதான் தூக்கினார்கள். நான் சொல்லிக் கொடுத்த விதியைச் சரியாகத்தான் செய்தார்கள். கவின் நான் கூப்பிட்டதும் ஒரு நொடி விழித்துவிட்டு, ஒத்திகைப் பதில் ஒன்றை எடுத்துச் சொன்னான். கெட்டிக்காரன்.

வலது கை ஒன்றே ஒன்று. மூன்றாவது பெஞ்சு, சன்னல் ஓரம். தோளிலிருந்து நேராக, அசையாமல் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்துவிட்டுத்தான் கவினைக் கூப்பிட்டேன்.

வேறு என்ன செய்திருக்க முடியும்? எழுப்பியிருந்தால் ரூபஸ்ரீ உள்ளதைச் சொல்லியிருப்பாள். பிறகு என் கோப்பு? ஒன்பது வருடம்?

கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாங்கள்தான் மாதிரிப் பள்ளி. கடிதம் வந்துவிட்டது. தாளாளர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். தேர்வு விடுமுறை முடிந்ததும் வட்டார ஆசிரியர்கள் முதல் முறையாக வருகிறார்களாம். அதன் பிறகு மாதம் ஒருமுறை வருவார்களாம். மாதம் ஒருமுறை என்று காதில் விழுந்ததும் கையில் இருந்த மைசூர்பாகை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஒரு நாள் கூத்து என்றார் இவர்.

எட்டாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கைக்கு என்ன தேவை என்று கேட்டேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ரூபஸ்ரீ இடது கையைத் தூக்கினாள். வம்புக்கு இல்லை. முகம் சாதாரணமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

இன்று ஐந்தாறு பேர் இடது கை. கவினும்.

அக்டோபர் 7, செவ்வாய்

விடுமுறை முடிந்து திறந்தது. பதினைந்தாம் தேதி ஆசிரியர்கள் வருகை. தாளாளர் என் கோப்பை பீரோவிலிருந்து எடுத்துத் தலைமையாசிரியர் மேசைமேல் வைத்திருக்கிறார். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அதைப் பார்த்தேன். பச்சை அட்டை, ஓரம் பூச்சி அரித்திருக்கிறது. என் பழைய புகைப்படம் ஒன்று ஒட்டியிருக்கிறது. எவ்வளவு முடி இருந்திருக்கிறது எனக்கு.

"பதினஞ்சு முடிஞ்ச கையோட கையெழுத்துங்க டீச்சர்," என்றார்.

எட்டாம் வகுப்பில் நீரின் கொதிநிலை கேட்டேன். அத்தனை பேரும் கை தூக்கினார்கள். அத்தனையும் இடது. யாரும் சிரிக்கவில்லை. எந்தக் கையைத் தூக்கினாலும் டீச்சர் தனக்கு வேண்டியவரைத்தான் எழுப்புவார் என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். நான் நடத்திய பாடங்களிலேயே இது ஒன்றைத்தான் வகுப்பு முழுவதும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

தங்கமணி வரவில்லை. நேற்று மாடிப் படியில் குடத்தோடு வழுக்கி, கணுக்கால் வீங்கிவிட்டதாம். இன்று அவள் இடத்தில் ரூபஸ்ரீ பித்தளைக் குடத்தோடு நின்றாள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும் நேரம்.

"வகுப்புக்குப் போ," என்றேன்.

"அம்மா நெறைக்கச் சொல்லுச்சுங்க டீச்சர். இல்லீனா வேலைக்கு ஆளை மாத்திருவாங்களாமா."

குடத்தை வாங்கி இடுப்பில் வைத்தேன். களத்துக்குப் போய் நிறைத்துக்கொண்டு வந்தேன். மாடிப் படி ஏறும்போது பாதியில் இடுப்பு விட்டுப்போனது. எடுத்த அடி வைக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். மேலே ஒரு டிரம் தங்கமணி நேற்றே நிறைத்தது; மற்றதில் ஊற்றினால் அடி மறையக்கூட இல்லை. பக்கத்தில் ரூபஸ்ரீயின் மழைமானி இருந்தது. உள்ளே பல்லி முட்டை. ஆகஸ்ட் மழைக்குப் பிறகு அவள் இங்கே ஏறி வரவே இல்லை போலிருக்கிறது, குடத்தோடு தவிர.

இரண்டு குடம்தான் என்னால் முடிந்தது. மீதியைப் பியூன் பார்த்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. தாளாளர்மேல் என்று நினைத்தேன். வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். அவர்மேல் மட்டும் இல்லை.

அக்டோபர் 15, புதன்

நாற்பது பேர் இருப்பார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர்கள். பாதிப் பேர் தெரிந்த முகம். பியூன் டிரம்மைச் சாய்த்தார், குழாயில் தண்ணீர் வந்தது, கைத்தட்டல். எல்லோரும் செல்போனில் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு தொட்டியைச் சுற்றி எட்டாம் வகுப்பை நிற்க வைத்து நான் செயல்விளக்கம் தர வேண்டும். தாளாளர் கொடிமேடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அருணகிரி சார் கையில் என் பச்சைக் கோப்பு. நல்ல சகுனமாக இருக்கட்டும் என்று கொண்டுவந்தாராம்.

நானே கேட்டேன். "இந்தத் தண்ணி இங்கிருந்து எங்க போகுது? யாருக்குத் தெரியும்?"

கைகள் உயர்ந்தன. எல்லாம் இடது. ரூபஸ்ரீயும் இடது. அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒன்றுமே இல்லை.

என் வலது கையைத் தூக்கினேன். வேண்டும் என்று திட்டம் போட்டதில்லை. கை தானாகத்தான் போனது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியும்," என்றேன். "எங்கயும் போகாது. அடியில சிமெண்ட் பூசியிருக்குது. மத்த நாள்ல மேல மாடியில குழாய மூடி போட்டு அடைச்சு வெச்சிருப்போம். நீங்க இப்ப பார்த்தது இந்தப் புள்ளையோட அம்மா இடுப்புல சுமந்து மேல ஏத்துன தண்ணி. அவங்க கால் வீங்கி வீட்டுல கெடக்கறாங்க. ரூபஸ்ரீக்கு இது ஆகஸ்ட் மாசமே தெரியும். அவ கேட்டா. நான் பதில் சொல்லலை."

பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் கை தட்டத் தொடங்கினார். எல்லோரும் தட்டினார்கள். ஒரு சார் முன்னால் வந்து, தவற்றை வேண்டுமென்றே வைத்து மாணவர்களைக் கண்டுபிடிக்கச் செய்யும் இந்த முறை மிகவும் புதுமை என்று பாராட்டினார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். இதற்கு என்ன பெயர் டீச்சர் என்று ஒரு அம்மாள் கேட்டார். உண்மை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது நரைத்த தலை ஆசிரியர் ஒருவர் மட்டும் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "எங்க பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தானுங்க. எங்களுதுல குழாயே கெடையாது, பெயிண்டு மட்டும்தான்," என்று சொல்லிவிட்டு வேகமாக வேனில் ஏறிக்கொண்டார்.

தாளாளர் எழுந்து வந்தார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. "நல்லாப் பேசுனீங்க டீச்சர்," என்றார். அருணகிரி சார் கையிலிருந்த கோப்பை வாங்கித் தூசி தட்டினார். பீரோ திறந்து மூடுகிற சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. அந்த பீரோவின் கதவு கொஞ்சம் இழுக்கும். இரண்டு முறை சாத்தினால்தான் பூட்டும்.

இவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

காலையிலிருந்து நல்ல மழை. பேருந்து சன்னல் வழியாகக் கை நீட்டினேன். எத்தனை நாளாகிவிட்டது மழையை மழையாகப் பார்த்து.

என் வருகைப் பதிவேடு வழக்கமான இடத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அதுவும் ஒரு நாள் அலமாரிக்குள் போய் வராமலே போகலாம். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அருணகிரி சார் என் முகத்தைப் பார்க்காமல் சுண்டலை நீட்டினார்.

நேற்று கழற்றிய மூடியை யாரும் திரும்பப் போடவில்லை. நீலக் குழாய் தன் வேலையைச் செய்தது. தொட்டி நிறைந்து ஆறாம் வகுப்புக்குள் போனது. ஆறாம் வகுப்பையும் எங்கள் அறையிலேயே உட்கார வைத்தோம். ஒரே நெரிசல்.

புத்தகத்தைத் திறந்தேன். ரூபஸ்ரீ எழுந்தாள். வலது கை, இடது கை, எதையும் தூக்கவில்லை.

"டீச்சர், அது அடுத்த பாடத்துல வரும்னு சொன்னீங்களே. அது எப்பங்க?"

புத்தகத்தில் அடுத்த பாடம் விசையும் அழுத்தமும். மூடி வைத்தேன். வெளியே கொடிமேடைக் கல்லில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"யாரு வீட்டுல கடப்பாரை இருக்குது?" என்று கேட்டேன்.

வகுப்பு முழுவதும் கை தூக்கியது. ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தேன். எல்லாம் வலது கை. கவின் மட்டும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

"என்னடா ரெண்டு கை?"

"எங்கூட்டுல ரெண்டு இருக்குதுங்க டீச்சர்."